கல்யாணத்தைக் கொண்டு வந்தது யாரு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசை விட்டுப் போகவே இல்லை. ஒரு நண்பர் எழுதியிருக்கார்: "கல்யாணம்ங்கிற ஏற்பாட்டை யாரு, எப்போ கொண்டு வந்தாங்க? தாலி கட்டாம சேர்ந்து வாழ்றவங்க, ஒரே பாலினத்துல சேர்ந்து வாழ்றவங்க, இவங்களையெல்லாம் நம்ம பண்பாடு எப்படி ஏத்துக்கும்?" கேக்கிறது ரெண்டு. எனக்கு ரெண்டுக்கும் வேர் ஒண்ணாத்தான் தெரியுது. சேர்த்தே சொல்லிடுறேன்.

எப்போங்கிறதுக்குத் தேதி கிடையாது. 19ஆம் நூற்றாண்டுல இதை வச்சுப் பெரிய வாதமே நடந்துச்சு. ஆதியில ஆண் பெண் உறவுக்குக் கட்டுப்பாடே இல்லை, படிப்படியாத்தான் இன்னிக்கு இருக்கிற கல்யாணம் வந்துச்சுன்னு அமெரிக்க மானிடவியல் அறிஞர் மார்கன் 1877ல எழுதினார். அதெல்லாம் இல்லை, மனுஷன் ஆரம்பத்துல இருந்தே ஜோடியா வாழ்ந்தவன்தான்னு பின்லாந்துக்காரர் வெஸ்டர்மார்க் 1891ல மறுத்தார். எழுத்து வர்றதுக்கு ரொம்ப முன்னாடி நடந்த சங்கதி அது, அதோட விட்டுடுவோம். எழுத்து வந்த பிறகு உள்ளதைப் பார்க்கலாம். பாபிலோன்ல ஹமுராபியோட சட்டம், ஏறக்குறைய 3,750 வருஷப் பழசு. அதுல 128ஆவது விதி: ஒருத்தன் ஒரு பொண்ணை ஒப்பந்தம் எதுவும் பண்ணாம வச்சிருந்தா, அவ மனைவி ஆகமாட்டா. ஒப்பந்தம்ங்கிறதை மனசுல வச்சுக்கோங்க.

நம்ம பக்கம் வருவோம். பழைய பேச்சுகளைக் கேட்டவங்களுக்கு அடுத்து என்ன வரும்னு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். ஆமா, தொல்காப்பியம்தான், கற்பியல். "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப." எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. காதலிச்சவன் "அந்தப் பொண்ணை எனக்குத் தெரியவே தெரியாது"ங்கிறான், அது பொய். தெரியும்னு ஒத்துக்கிட்டும் பாதியில விட்டுட்டுப் போறான், அது வழு. இந்த ரெண்டும் வந்த பிறகுதான் ஐயர், அதாவது பெரியவங்க, கரணம்ங்கிற சடங்கை ஏற்படுத்தினாங்க. புனிதத்துக்காகவோ, குலப் பெருமைக்காகவோ கரணம் வந்துச்சுன்னு அந்தச் சூத்திரத்துல ஒரு எழுத்து கிடையாது. ஒருத்தி ஏமாந்து நின்னா, அதனால வந்துச்சு. அவ்வளவுதான்.

அவ ஏமாந்து நின்ன நிலைமையைக் கபிலர் எழுதியிருக்கார், குறுந்தொகை 25. "யாரும் இல்லைத் தானே கள்வன்." அவன் என்னைச் சேர்ந்த அன்னிக்கு வேற யாரும் அங்க இல்லை. அவனே பொய் சொல்லிட்டா நான் என்ன செய்வேன்? இருந்தது ஒரே ஒரு குருகு, கொக்கு மாதிரி ஒரு பறவை. தினைத்தாள் மாதிரி சின்னப் பசுங்கால், ஓடுற தண்ணியில ஆரல் மீனுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. அதோட கண்ணும் மீன் மேல. சாட்சின்னு சொல்லிக்க அவளுக்கு அதுதான் இருக்கு. அந்த வயித்தெரிச்சல் ரெண்டாயிரம் வருஷம் தாண்டி நமக்கு வந்து சேருது பாருங்க!

சாட்சி கிடைச்சா என்ன ஆகும்? அகநானூறு 256ல இருக்கு. கள்ளூர்னு ஒரு ஊர். ஒருத்தன் ஒரு சின்னப் பொண்ணோட வாழ்க்கையைக் கெடுத்துட்டு, அவையில வந்து "அறியேன்"னு பொய்ச் சத்தியம் பண்றான். அவையில இருந்தவங்க அதோட விடலை. தெரிஞ்ச சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க, பொய்னு நிரூபணம் ஆச்சு. அவனை மரக்கிளையில கட்டி வச்சுத் தலையில நீறைக் கொட்டினாங்க. தண்டனையைக் கவனிச்சீங்களா? முழுக்க அவனுக்குத்தான். அந்தப் பொண்ணை நோக்கி ஒரு பழிச்சொல்லும் அந்தப் பாட்டுல இல்லை. இன்னிக்கு நாம எந்தப் பக்கம் விரல் நீட்டுறோம்னு யோசிங்க.

இப்போ தாலி. அகநானூறு 86ல ஒரு கல்யாணம் முழுசா வருது. பந்தல், மணல், உளுந்து போட்டுக் குழைய வச்ச சோறு, பிள்ளை பெத்த பெண்கள் நாலு பேர் பூவும் நெல்லும் போட்ட தண்ணியால மணப்பெண்ணைக் குளிப்பாட்டி வாழ்த்துறாங்க. தாலி கட்டினதா வரலை. தீ வளர்க்கலை, புரோகிதர் இல்லை. தீவலம் வர்ற கல்யாணத்தைச் சிலப்பதிகாரத்துல பார்க்கிறோம். இதுக்கு மேல ஒண்ணு. "கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டே, புணர்ந்து உடன்போகிய காலையான." இதுவும் கற்பியல்தான். பெத்தவங்க கொடுக்கலை, ரெண்டு பேரும் கிளம்பிப் போயிட்டாங்க. அப்பவும் கரணம் உண்டு. வீட்டை விட்டுப் போன ஜோடிக்கும் இடம் வச்சுத்தான் இலக்கணம் எழுதியிருக்காங்க.

வழக்கத்துக்கு மாறானதுன்னு சொல்றோமே, அது எவ்வளவு சீக்கிரம் வழக்கமாயிடுது! புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தையே எடுத்துக்கோங்க. அப்படி நடந்த ஒரு கல்யாணம் செல்லாதுன்னு 1950கள்ல சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கு. கூடி வாழ்ந்தவங்க சட்டத்துக்கு முன்னாடி கணவன் மனைவி இல்லை. 1967ல அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்துல 7ஏ பிரிவைக் கொண்டு வந்து, 1968ல அது நடைமுறைக்கு வந்துச்சு. உறவினர், நண்பர் முன்னாடி மாலை மாத்திக்கிட்டாலோ, மோதிரம் போட்டுக்கிட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். ஏற்கெனவே அப்படி நடந்த கல்யாணங்களும் செல்லும்னு சேர்த்து எழுதினாங்க. அந்த ஒரு வரியால எத்தனை பெண்கள் மனைவி ஆனாங்க, எத்தனை பிள்ளைகள் தலை நிமிர்ந்தாங்க! இன்னிக்கு அந்தக் கல்யாணத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை.

அதனால நண்பரே, பண்பாடு ஏத்துக்குமாங்கிற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைங்க. இந்த உறவு முறிஞ்சா, இல்ல ஒருத்தர் இறந்துட்டா, யாரு தெருவுல நிப்பாங்க? நீங்க இதைக் கேட்டிருக்கணும்னு எனக்கு ஆசை.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, ரொம்ப வருஷமா ஒருத்தரோட வாழ்ந்தவங்க. கடைசிக் காலத்துல அவருக்கு மலம் அள்ளினதும் இவங்கதான். அவர் போன மூணாம் நாள் அண்ணன் தம்பிங்க வந்து வீட்டைப் பூட்டினாங்க. வாரிசுச் சான்றிதழுக்குப் போனா, "நீங்க அவருக்கு என்னம்மா வேணும்?"னு கேட்டிருக்காங்க. பதில் சொல்ல முடியாம திரும்பி வந்தாங்க. ஒழுக்கம் பேசின ஊரு ஒருத்தரும் கூட வரலை. பண்பாட்டுக்கு இதைவிட வேற என்ன இழிவு வேணும்? எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான்.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமா இந்தப் பக்கம் வருது. 2005 குடும்ப வன்முறைச் சட்டம், திருமணத்தின் தன்மையுள்ள உறவுல இருக்கிற பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருது. ஒரே பாலின உறவைக் குற்றமாக்கி வச்சிருந்தது இந்திய தண்டனைச் சட்டத்தோட 377ஆவது பிரிவு; 2018ல அதோட வீச்சைக் குறைச்சு, வயது வந்தவங்க சம்மதத்தோட உறவு வச்சுக்கிறது குற்றம் இல்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2019ல சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை, திருநங்கையும் இந்து திருமணச் சட்டப்படி மணமகள்தான், பதிவு பண்ணிக் கொடுங்கன்னு உத்தரவு போட்டுச்சு. ஆனா ஒரே பாலினத் திருமணத்துக்கு 2023ல உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தரலை, நாடாளுமன்றம் முடிவு பண்ணட்டும்னு விட்டுடுச்சு. அது எனக்கு வருத்தம்தான். அவங்களுக்கும் பொய்யும் வழுவும் வரும், அவங்களுக்கும் நோய் வரும், சாவு வரும். கரணம் மட்டும் வேண்டாம்னா என்ன நியாயம்?

இந்தக் காணொளியைப் பார்க்கிறவங்கள்ல அப்படி வாழ்றவங்க இருப்பீங்க. சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. வாடகை ஒப்பந்தத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கட்டும். வங்கியில நாமினி போட்டா மட்டும் போதாது, நாமினி பணத்தை வாங்கிக்கலாம், அதனாலயே அவருக்குச் சொந்தம் ஆயிடாது. உயில் எழுதி வைங்க. பதிவு பண்றது கட்டாயம் இல்லை, பண்ணினா நல்லது. ரெண்டு சாட்சி கையெழுத்து மட்டும் கண்டிப்பா வேணும். உயில்ல யாருக்கு எழுதுறீங்களோ, அவங்களையே சாட்சியாப் போட்டுடாதீங்க. சரி, அடுத்த கேள்வியைப் பார்ப்போம்.