பத்து டன் லோடைக் கயிறு பிடிச்சு நிறுத்துதா? லாரிக்காரங்க முடிச்சும் அவங்க கேலியும்

[காட்சி: மலைச் சாலையில் இறங்கும் லாரி, பின்னால் இருந்து]

தொப்பூர் கணவாய். தர்மபுரி தாண்டி சேலம் பக்கம் இறங்கற ரோடு. உங்களுக்கு முன்னாடி ஒரு டாரஸ் லாரி போகுது, மேல மூட்டை லோடு. கணக்குக்கு பத்து டன்னுன்னு வச்சுக்கலாம். டிரைவர் சடக்குன்னு பிரேக் அடிக்கிறாரு. வண்டி நிக்கும், ஆனா மேல இருக்கற பத்து டன்னுக்கு நிக்கணும்னு தோணாது. அது முன்னாடி கேபினை நோக்கித்தான் போகப் பார்க்கும். அப்ப அதை நிறுத்தறது எது?

கயிறுதானேன்னு சொல்றீங்களா? இல்லைங்க. அந்த நேரத்துல கயிறு செய்யற வேலை ரொம்பக் கம்மி. அப்புறம் எதுக்கு வெயில்ல நின்னு அத்தனை கயிறு கட்டறாங்க? இந்த வீடியோவோட கேள்வியே அதுதான். கடைசியில டிரைவர்கள் ஒருத்தரை ஒருத்தர் ஓட்டற கேலியும் இருக்கு. அதுக்கும் லோடு விழாம இருக்கறதுக்கும் சம்பந்தம் இருக்கு, அதனால பாதியில போயிடாதீங்க.

வணக்கம் மக்களே. பின்னணியை வேகமா முடிச்சிடறேன். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு. தமிழ்நாட்டு லாரித் தொழில்னா இந்த மூணு ஊரையும் சொல்லாம முடியாது. நாமக்கல்ல லாரி பாடி கட்டறாங்க, திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டி கட்டறாங்க, சங்ககிரியில வீட்டுக்கு வீடு லாரிக் கதை. அவ்வளவுதான் பின்னணி. முடிச்சுக்கு வருவோம், எனக்கு அதுதான் ஆசை.

[காட்சி: லாரி பக்கவாட்டு, கொக்கி, தொங்கும் கயிறு]

லாரியோட பாடிக்கு அடியில, ரெண்டு பக்கமும் வரிசையா கொக்கி இருக்கும். இடது பக்கக் கொக்கியில கயிறை மாட்டி, சுருட்டி, லோடுக்கு மேல வீசுவாங்க. அது வலது பக்கம் வந்து தொங்கும். இப்போ வலது பக்கம் நிக்கறவர் என்ன செய்யறாருன்னு நல்லாப் பாருங்க. நெஞ்சு உயரத்துல கயிறுலயே ஒரு முறுக்குப் போட்டு சின்னதா ஒரு வளையம் பண்றாரு. அதுக்குக் கீழ தொங்கற கயிறை மடிச்சு அந்த வளையத்துக்குள்ள நுழைக்கிறாரு. இப்போ மேல ஒரு கண்ணு, கீழ ஒரு பெரிய மடிப்பு. அந்த மடிப்பைக் கொக்கிக்கு அடியில மாட்டிட்டு, மிச்சக் கயிறைப் பிடிச்சு உடம்பு எடை முழுக்கப் போட்டு இழுக்கறாரு. இத்தனையும் நான் சொல்லி முடிக்கற நேரத்துக்குள்ள அவங்க ரெண்டு கொக்கி தாண்டியிருப்பாங்க.

இதுல என்ன அதிசயம்னா, அங்க சகடையே இல்லாம சகடை வேலை நடக்குது. கிணத்துல ஒரே ஒரு சகடை இருந்தா அது இழுக்கற திசையை மட்டும்தான் மாத்தும். ஒண்ணு நிலையா, இன்னொண்ணு கயிறோட நகர்ற மாதிரி வச்சாத்தான் பலம் கூடும். இந்த முடிச்சுல கொக்கிதான் நிலையான சகடை. கயிறுலயே போட்ட கண்ணுதான் நகர்ற சகடை. அந்தக் கண்ணைக் கீழ இழுக்கறது மூணு இழை. அதனால நீங்க 50 கிலோ விசையில இழுத்தா, லோடு மேல போற கயிறுல 150 கிலோ வரணும். இது ஏட்டுக் கணக்கு. நிஜத்துல கயிறும் கயிறும் உரசறதுல நிறைய போயிடும், 100 கிலோவை ஒட்டி வந்தாலே பெரிய விஷயம். ஆனா அதே உரசல்தான் இழுத்த கயிறு பின்னாடி நழுவாமப் பிடிச்சு வைக்குது. அது பிடிச்சு வச்சிருக்கற நேரத்துலதான் அவர் மிச்சக் கயிறைச் சுத்திப் பூட்டுப் போடறாரு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ரெண்டு விஷயம் இனிமேதான். இந்த முடிச்சுக்குக் கயிறோட நுனியே வேண்டாம். நடுக்கயிறுலயே போடலாம். அதனால ஒரே நீளக் கயிறை ஒரு கொக்கியில இறுக்கி, லோடு மேல வீசி, எதிர்ப் பக்கம் இறுக்கி, திரும்ப வீசின்னு வண்டி முழுக்கக் கொண்டு போயிடலாம். எங்கயும் வெட்ட வேண்டியதில்ல. அடுத்தது அவுக்கறது. பூட்டை எடுத்து இழுவையை விட்டீங்கன்னா முடிச்சு தானாக் கலைஞ்சிடும். கையில வெறும் கயிறுதான் இருக்கும். அத்தனை இறுக்கம் தாங்கின முடிச்சுல நகத்தால பிராண்டற வேலையே இல்ல. இதைக் கண்டுபிடிச்சது யாருன்னு பேர் சொல்ல முடியாத ஒரு கண்டுபிடிப்பு. இஞ்சினியரிங் காலேஜ்ல முதல் வருஷமே இதைக் கையில கொடுத்துச் சொல்லித்தரணும்ங்கறது என் கருத்து.

பிரிட்டன்ல திறந்த லாரிகள் ஓடின காலத்துல அங்க இருந்த டிரைவர்களும் இதே வேலையைத்தான் பார்த்தாங்க. கயிறு, தார்பாய், கொக்கி, இதே குடும்பத்து முடிச்சு. அவங்க அதை டாலின்னு கூப்பிட்டாங்க. பக்கவாட்டுல திரை போட்ட வண்டிகள் வந்ததும் அங்க அந்தக் கைப்பழக்கம் அரிதாயிடுச்சு. நம்ம ஊர் லோடிங் பாயிண்ட்ல இன்னிக்குப் போனாலும் நேர்ல பார்க்கலாம்.

[காட்சி: கரும்பலகையில் கணக்கு]

சரி, தொப்பூர் கேள்விக்கு வருவோம். பத்து டன் லோடு. பலகைக்கும் மூட்டைக்கும் நடுவுல உராய்வு எடையில 40 சதவீதம்னு எடுத்துக்குவோம். கயிறே இல்லாம, லோடு தன் எடையாலயே 4 டன் விசை வரைக்கும் நகராமப் பிடிச்சு நிக்கும். இப்போ பத்து கயிறு குறுக்க ஓடுது. ஒவ்வொண்ணும் ரெண்டு பக்கமும் சேர்த்து 200 கிலோ அழுத்துதுன்னு தாராளமாவே வைப்போம். மொத்தம் 2 டன். அதுல 40 சதவீதம் 800 கிலோ. ஆக எல்லாம் சேர்த்து 4.8 டன்.

தேவை எவ்வளவு? லோடு கட்டறதுக்கான ஐரோப்பியத் தரநிலை, முன்பக்கமா லோடு எடையில 80 சதவீதமும், பக்கவாட்டுல 50 சதவீதமும் தாங்கணும்னு சொல்லுது. நம்ம பத்து டன்னுக்கு முன்பக்கம் 8 டன், பக்கவாட்டுல 5 டன். பக்கவாட்டுக் கணக்கு பாருங்க, கயிறு இல்லாம 4, கயிறோட 4.8. கிட்டத்தட்ட வந்துடுச்சு, மிச்சத்தைப் பாடியோட பக்கப் பலகை பார்த்துக்கும். ஆனா முன்பக்கம்? 3.2 டன் பத்தலை. அதைத் தாங்கறது கேபினுக்குப் பின்னாடி இருக்கற பாடியோட முன்சுவர்தான்.

அதனாலதான் அனுபவப்பட்ட லோடுமேன் முதல் மூட்டையை முன்சுவரோட ஒட்டி வைப்பாரு. நடுவுல ஒரு முழம் இடைவெளி இருந்தா லோடு அந்த ஒரு முழத்துல வேகம் பிடிச்சு வந்து மோதும். சாய்ஞ்சு நிக்கறதைத் தாங்கற சுவர், ஓடி வந்து மோதறதைத் தாங்கும்னு சொல்ல முடியாது. முன்னாடி இடைவெளி விட்டுட்டு எத்தனை கயிறு கட்டினாலும் நான் அதை லோடு கட்டினதா ஒத்துக்க மாட்டேன்.

அப்ப கயிறு வேண்டாமா? கண்டிப்பா வேணும். ரோடு சமதளம் இல்லையே. ஒரு பள்ளத்துல சக்கரம் இறங்கி ஏறும்போது லோடு ஒரு கணம் லேசாகும். எடை குறைஞ்சா உராய்வும் குறையும். அந்த ஒரு கணத்துல மூட்டை விரலளவு நகரும். அடுத்த பள்ளத்துல இன்னொரு விரல். சேலத்துல நேரா இருந்த லோடு மதுரையில சாய்ஞ்சு நிக்கறது இப்படித்தான். வண்டி துள்ளும்போதும் விடாம அழுத்தறது கயிறு மட்டும்தான். அதனாலதான் கிளம்பி கொஞ்ச தூரம் போனதும் ஓரங்கட்டி, சுத்தி வந்து, ஒவ்வொரு கயிறையும் கையால தட்டிப் பார்த்துத் திரும்ப இறுக்கறாங்க. முதல் குலுக்கல்ல மூட்டைகள் அமுங்கி உட்கார்ந்திருக்கும், கயிறு தொளதொளன்னு ஆயிருக்கும். டீ குடிக்க நிறுத்தினதா நாம நினைப்போம். டீயும் உண்டு.

மழையிலயும் பனியிலயும் கயிறுக்குக் கயிறு குணம் மாறும். பருத்தி, சணல் கயிறு நனைஞ்சா ஊதி, நீளம் குறைஞ்சு இன்னும் இறுகும், காய்ஞ்சா தளரும். நைலான் நேர்மாறு, நனைஞ்சா நீளும்.

தார்பாய் பத்தி ஒண்ணே ஒண்ணு. ரெண்டு தார்பாய் போட்டா பின்பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும், முன்பக்கத் தார்பாய் அதுக்கு மேல ஏறி வரணும். மாத்திப் போட்டா எதிர்க்காத்து நடுவுல புகுந்து கிழிச்சிடும். வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட அழுத்தம் நாலு மடங்காகும்.

[காட்சி: லாரிகள் நிற்கும் பேட்டை, மாலை]

இப்போ கேலி. லாரிப் பேட்டையில கொஞ்ச நேரம் காதைத் தீட்டிட்டு நின்னீங்கன்னா இந்த மாதிரிப் பேச்சு வரும்.

கிளீனர் தம்பி கயிறு கட்டி முடிச்சிருப்பாரு. மூத்த டிரைவர் சுத்தி வந்து கயிறை ஆட்டிப் பார்ப்பாரு. "ஏன்டா தம்பி, கயிறு கட்டச் சொன்னா ஊஞ்சல் கட்டி வச்சிருக்கற? ஆடறதுக்கு யாரு வர்றாங்க?" கயிறு தளர்வுன்னு அர்த்தம். பக்கத்து வண்டிக்காரங்க எல்லாம் சிரிப்பாங்க. தம்பி ஒண்ணும் பேசாம அவுத்துத் திரும்பக் கட்டுவாரு.

"கொக்கிக்குத் தாலி கட்டிட்டயாடா? மூணு முடிச்சுப் போட்டிருக்கற! இனி அவுக்கறதுக்குப் பஞ்சாயத்தைக் கூட்டணும்." பயத்துல முடிச்சு மேல முடிச்சு போட்டு இறுக்கிட்டாருன்னு அர்த்தம். அந்த முடிச்சு இழுவையைக் கூட்டவும் விடாது, அவசரத்துக்கு அவுக்கவும் விடாது. வழியில இறுக்கணும்னா கத்திதான்.

சில கேலி வண்டிக்கு வண்டி பறக்கும். எதிர்ல வர்ற வண்டியில இருந்து கையை வெளிய நீட்டி, "மாப்ள, உன் வண்டி பாவாடை பறக்குது பாரு!" தார்பாய் ஓரம் அவுந்திருக்கு. இவர் சும்மா விடுவாரா? "உன் வண்டி வாலாட்டிட்டு வருது, அதை முதல்ல பாருடா!" கயிறு நுனி தொங்குது. அது சக்கரத்துல சிக்கினா மொத்தக் கட்டையும் இழுத்துட்டுப் போயிடும்.

அப்புறம் ஓட்டல் வாசல்ல நின்னுட்டு, "ஏனுங்ணா, வண்டி ஏன் தலையைச் சாய்ச்சிட்டு வருது? பொண்ணு பார்க்க வந்திருக்காங்களா, வெக்கப்படுது?" லோடு ஒரு பக்கமா உட்கார்ந்திடுச்சு. கேக்கறவர் சிரிச்சிட்டுதான் கேப்பாரு. ஆனா கேட்டுட்டு அவரே இறங்கி வந்து கயிறுல ஒரு கை கொடுப்பாரு.

கவனிச்சீங்களா? ஊஞ்சல், தாலி, பாவாடை, வால், வெக்கம். எல்லாமே லோடுல இருக்கற ஒரு நிஜமான கோளாறு. கிளம்பறதுக்கு முன்னாடியும் வழியிலயும் அஞ்சு பேர் வண்டியைப் பார்த்துட்டாங்க, அதுவும் சம்பளமில்லாம. "உன் கட்டு சரியில்ல"ன்னு நேரா சொன்னா மூத்தவருக்கும் சுள்ளுன்னு ஏறும். சிரிச்சுச் சொன்னா இறங்கிப் பார்ப்பாரு. தொழில் தெரிஞ்சவங்க ஒருத்தர் உயிரை ஒருத்தர் காப்பாத்தற வழி இதுன்னு நான் நம்பறேன். இதைப் பார்த்துட்டு "லாரிக்காரங்களுக்கு வேற வேலை இல்ல, எப்பப் பாரு கேலி"ன்னு சொல்றவங்க மேல எனக்கு நிஜமாவே கோபம் வரும்.

கயிறு எல்லாத்துக்கும் சரியான்னு கேட்டா, இல்ல. மூட்டை, வைக்கோல், பஞ்சுக்கு சரி. இரும்பு காயில், மெஷின், கிரானைட் கல்லுக்கெல்லாம் சங்கிலியும், கைப்பிடியை ஆட்டி இறுக்கற ராட்செட் பெல்ட்டும், உருளாம அடியில வைக்கற கட்டையும் வேணும். 50 மில்லிமீட்டர் அகலப் பாலியஸ்டர் பெல்ட்டுல 2.5 டன் தாங்கும்னு லேபிள் போட்டது சாதாரணமாக் கிடைக்குது. கைப்பிடியில 50 கிலோ விசை கொடுத்தா 300 கிலோ அளவுக்கு இழுவை வரும். நம்ம முடிச்சோட 100 கிலோவை விட மூணு மடங்கு. கூர்மையான விளிம்பு மேல போனா மட்டும் அடியில காப்பு வைக்கணும், இல்லைன்னா அறுந்திடும். பழைய முடிச்சு மேல எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும், இரும்பு காயிலைக் கயிறுல கட்டறதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சட்டம் ஒரே வரியில: 2019 திருத்தத்துக்கு அப்புறம் அதிக லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொண்ணுக்கும் 2,000 ரூபாய். வண்டிக்கு வெளிய லோடு நீட்டிட்டு இருந்தாலும் 20,000.

இனிமே ஹைவேயில லாரிக்குப் பின்னாடி போகும்போது கயிறு நுனி தொங்கறதையோ தார்பாய் படபடக்கறதையோ பார்த்தீங்கன்னா, ஹாரன் அடிச்சுத் திட்டிட்டுப் போகாதீங்க. இடம் விட்டு, பாதுகாப்பா முந்திப் போய், கையைப் பின்பக்கம் காட்டுங்க. அவருக்குப் புரியும். உங்க அப்பா, அண்ணன், மாமா யாராவது லாரி ஓட்டறவங்களா இருந்தா இந்த வீடியோவை அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க, முடிச்சை நான் சொன்ன விதத்துல ஏதாவது மாத்தணும்னா கமெண்ட்ல அவங்களையே எழுதச் சொல்லுங்க. அவங்க பேட்டையில ஓடற கேலியையும் சேர்த்து அனுப்பினீங்கன்னா அடுத்த வீடியோவுல வாசிக்கிறேன். அடுத்த வீடியோ வைக்கோல் லாரி பத்தி. வண்டியை விட அகலமா, வீட்டை விட உயரமா அதை எப்படிக் கட்டறாங்கன்னு பார்ப்போம்.