பிரசங்க மேடையா? பந்திப் பாயா?

நடுவர் ஐயா அவர்களே, வேதாகமத்தில் ஏழெட்டு இடத்தில் காகிதம் செருகிக்கொண்டு வந்திருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, சேகரத்து மக்களே, வணக்கம், ஸ்தோத்திரம்.

‘சபையில் ஆள் குறையாமல் காப்பது பிரசங்கமா, ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவியா?’ இதுதான் தலைப்பு. பிரசங்கமே என்று பேச வந்த அண்ணன், எடுத்த எடுப்பிலேயே இயேசுவின் சீஷர் பேதுருவைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரே பிரசங்கம், மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள், வழக்கு முடிந்தது என்றார். சரி அண்ணே, சேர்ந்தார்கள். மறுநாள் எங்கே சாப்பிட்டார்கள்? அப்போஸ்தலர் நடபடிகளில் அதே இரண்டாம் அதிகாரத்தில் நாலு வசனம் தள்ளிப் பாருங்கள். நிலபுலனை விற்று, அவரவர் தேவைக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். ஆறாம் அதிகாரத்துக்குப் போனால் ஒரு சண்டை. கிரேக்கு பேசுகிற விதவைகளைப் பந்தியில் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு. உடனே பந்தி விசாரணைக்கு, அதாவது சாப்பாட்டைக் கவனிக்க, ஏழு பேரைப் போட்டார்கள். “நாங்கள் வசனத்தை விட்டுப் பந்தி விசாரிப்பது தகாது என்று அப்போஸ்தலர்கள் சொன்னார்களே” என்று அண்ணன் இப்போது குறித்துக்கொள்வது தெரிகிறது. சொன்னார்கள். அதற்காகப் பந்தியை நிறுத்தினார்களா? தனி ஆளே போட்டார்கள்! அது முடிந்த கையோடுதான் சீஷர் தொகை பெருகியதாக எழுதியிருக்கிறது.

எருசலேம் தூரம், நம் திருநெல்வேலிக்கு வருவோம். 1780இல் பாளையங்கோட்டை சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் நாற்பது. அப்புறம் தெற்கே பனங்காட்டு ஊர்களில் சபை முளைத்தபோது என்ன நடந்தது? ஞானஸ்நானம் வாங்கியவன் வீட்டுக்குத் தீ வைத்தார்கள், கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. குடியிருக்கும் மண் இன்னொருவனுடையது, ‘வெளியே போ’ என்றால் போக வேண்டியதுதான். அந்த நேரத்தில் நல்ல பிரசங்கம் அவனுக்கு ஆறுதல் தரும், கூரை தருமா? 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்னின்று முதலூரை உண்டாக்கினார். விரட்டப்பட்டவர்களுக்கென்று ஓர் ஊர். 1830இல் ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் (நம் சபைகளில் போதகரை ஐயர் என்போம்) தரும சங்கம் தொடங்கினார். சபையார் காசு சேர்த்து நிலம் வாங்கி, இடமில்லாதவர்களைக் குடிவைக்கிற ஏற்பாடு அது. ரேனியஸ் லேசான பிரசங்கியார் இல்லை, வேதாகமத்தையே தமிழில் திருத்தியவர். அவருக்கே பிரசங்கம் மட்டும் போதாது என்று தெரிந்திருக்கிறது, அண்ணனுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

1877 பஞ்சத்தைச் சொல்லி, “சோற்றுக்கு வந்த கூட்டம் மழை பெய்ததும் போய்விட்டது” என்று குத்தினார். போனவர்கள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பேசுவது கஞ்சித் தொட்டியைப் பற்றி அல்ல. தொட்டியில் ஊற்றுகிறவன் ஒருவன், ஏந்துகிறவன் ஒருவன். நான் பேசுவது மொய்யைப் பற்றி. இன்று நீ எனக்கு வைத்தாய், நாளை நான் உனக்கு வைப்பேன். மொய் நோட்டில் பேர் இருக்கிறவன் ஊரை விட்டு அவ்வளவு சுலபமாகப் போகமாட்டான்.

எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். வீட்டில் அரைப் பட்டினி என்றாலும் அந்தப் பிடி குறையாது. ஞாயிற்றுக்கிழமை முந்தானையில் முடிந்து கோயிலுக்குக் கொண்டுபோவாள். கொடுக்க வக்கில்லாதவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது பாருங்கள், அதுதான் பிடியரிசியின் சூட்சுமம்.

தாத்தா பனையேறி. ஒரு பங்குனியில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போயிற்று. பதநீர்க் காலம். பாளையை நாள் தவறாமல் சீவ வேண்டும், விட்டால் சுரப்பு நின்று அந்த வருஷத்துப் பிழைப்பே போய்விடும். சபையில் நாலு பேர் அவருடைய மரங்களைப் பிரித்துக்கொண்டார்கள். தங்கள் மரத்தை இறங்கிவிட்டு, இருட்டுமுன் அவர் மரத்தில் ஏறினார்கள். ஆச்சி வழக்கம்போல் பதநீர் காய்ச்சினாள், கருப்பட்டி விற்றாள். “அந்த ஞாயிறு ஐயர் என்ன பிரசங்கம் பண்ணினார் ஆச்சி?” என்று கேட்டேன். “அது யாருக்கு ஞாபகம்?” என்றாள். யார் யார் எந்த மரம் ஏறினார்கள் என்று மட்டும் வரிசையாகச் சொன்னாள். கீழ்விளை ஒற்றைப்பனை உட்பட.

அடுத்து ஜெர்மனி. அண்ணனுடைய பெரிய வெடி அதுதான். “அங்கே திருச்சபை நடத்தாத ஆஸ்பத்திரியா, முதியோர் இல்லமா? லட்சக்கணக்கில் ஊழியர்கள். அப்படியும் 2022இல் மட்டும் ஐந்து லட்சம் கத்தோலிக்கர் விலகினார்களே, உதவி காப்பாற்றியதா?” என்றார். நல்ல கேள்வி. சபைக்குள் சிறார்களுக்கு நடந்த கொடுமைகள் வெளிவந்தது அதில் பெரிய காரணம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அங்கே சபையும் உதவியும் எப்படி நடக்கின்றன? கட்டுகிற வருமான வரியில் எட்டோ ஒன்பதோ சதவீதத்தை, அதோடு சேர்த்துச் சபை வரியாகப் பிடிக்கிறார்கள். வேலையைச் சம்பளக்காரர் செய்கிறார். பக்கத்து பெஞ்சுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் நீ போக வேண்டியதில்லை. வரியை நிறுத்தினால் உறவும் முடிந்தது. அது பெரிய தருமம், மறுக்கவில்லை. மொய் இல்லை.

இந்தப் பக்கம் அமெரிக்காவின் ஆமிஷ் மக்களைப் பாருங்கள், பழைய எளிய வாழ்க்கையை விடாத ஒரு கிறிஸ்தவக் கூட்டம். ஒருவன் களஞ்சியம் எரிந்தால் ஊரே கூடிப் புதிதாகக் கட்டுகிறது. “எங்கள் கிழவர்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லி, 1965இல் அரசாங்கத்தின் ஓய்வூதிய வரியிலிருந்தே விலக்கு வாங்கினார்கள். 1900 வாக்கில் சில ஆயிரம் பேர், இன்று நாலு லட்சத்தை ஒட்டி. வீட்டுக்கு ஆறேழு பிள்ளைகள், அதனால்தான் என்பீர்கள். இருக்கட்டும். பிள்ளை பெறலாம், பிடித்து வைக்க முடியுமா? அங்கே பிள்ளைகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் அதே சபையில் நிற்கிறார்கள். அவர்கள் பிரசங்கியாரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் தெரியுமா அண்ணே? தங்களுக்குள்ளேயே சீட்டுப் போட்டு. இறையியல் கல்லூரி வாசனையே கிடையாது!

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக இருந்த சபையை விட்டு ஒரு ஜெபவீட்டுக்குப் போய்விட்டது. உபதேசம் பிடித்தா போனார்கள்? அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது, பழைய சபையிலிருந்து சங்கக் காணிக்கை, அதாவது சபைச் சந்தா, பாக்கி என்று சீட்டு வந்தது. ஜெபவீட்டிலிருந்து ராத்திரி துணைக்கு ஒரு பெண் வந்து, மூன்று நாள் பக்கத்தில் படுத்திருந்தாள்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். இதோ முடிக்கிறேன். பின்னால் அசனத்துக்கு, நம் சபை விருந்துக்கு, பாய் விரிக்கிறார்கள், குழம்பு வாசனை மேடை வரைக்கும் வந்துவிட்டது. எதிரணி அண்ணன் நான் பேசும்போதே மூன்று தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதைத் தயவுசெய்து குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.