அடுத்து என்ன படிக்கலாம், டீச்சர்?

நேயர்களுக்கு வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து இந்த வானொலி நிலையத்துக்கு வந்திருக்கிறேன். 31 வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தேன். இப்போது சனிக்கிழமை காலையில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு இரும்பு அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அலமாரி நிறையப் புத்தகம். பிள்ளைகள் வந்து எடுத்துப் போவார்கள், திருப்பிக் கொண்டுவருவார்கள். திருப்பிக் கொடுக்கும்போது கேட்கிற கேள்வி ஒன்றுதான். "முடிச்சிட்டேன் டீச்சர். அடுத்து என்ன படிக்கலாம்?"

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அதிலும் 12 வயதிலிருந்து 18 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கிற மாயாஜால நாவல்கள், ஃபேண்டஸி என்கிறார்களே, அவற்றைப் பற்றி.

மந்திரம், பூதம் என்றால் சில பெற்றோருக்குப் பிடிப்பதில்லை. பரீட்சைக்கு உதவாது என்பார்கள். ஒன்று கேட்கிறேன். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களே, நாம் எதைக் கேட்டு வளர்ந்தோம்? ராத்திரி லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், முன்பக்கத்து அஞ்சடித் திண்ணையில் பாயைப் போட்டுப் பாட்டி சொன்னது முனியாண்டி கதைதானே? விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, போகும்போது, பால்மரத்துக்கு நடுவில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதாக என் அப்பா சொல்லுவார். சொல்லிவிட்டுப் பால் பிடிக்கிற மங்குகளையும் மரம் சீவுகிற உளியையும் எடுத்துக்கொண்டு அதே வழியில் வேலைக்குப் போவார். அம்புலிமாமா தமிழில் 1947-இல் வர ஆரம்பித்த பத்திரிகை. எங்கள் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, வீட்டில் மட்டும்தான் வாங்குவார்கள். லயம் முழுக்கச் சுற்றி எங்கள் கைக்கு வரும்போது அட்டை இருக்காது, கடைசித் தாள் இருக்காது. வேதாளம் கேட்ட கேள்வி இருக்கும், விக்கிரமாதித்தன் சொன்ன பதில் கிழிந்து போயிருக்கும். நாங்களே பதில் யோசிப்போம். என்னைப் படிக்க வைத்தது அந்தக் கிழிந்த தாள்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதனால் மாயக்கதையைக் குறைவாக மட்டும் நினைக்காதீர்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒரு பெண் பிள்ளையின் கதையைச் சொல்லியாக வேண்டும். அவள் பேரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

அப்பா செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுபவர். பிள்ளை எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, இடைநிலைப்பள்ளியில் ஒரு வருடம் மலாய் பழகுகிற புகுமுக வகுப்புக்குப் போனாள். அந்த வருடம் ஹாரி பாட்டர் 7 தொகுதியையும் முடித்துவிட்டாள். சாதாரண விஷயமில்லை. ஆங்கிலப் பதிப்பில் முதல் தொகுதி 223 பக்கம், ஐந்தாவது 766 பக்கம். பக்கத்தில் மலாய் அகராதி, ஆங்கில அகராதி இரண்டையும் வைத்துக்கொண்டு படித்தாள்.

அதற்குப் பிறகு நின்று போனாள். நாலு மாதம் எதையுமே முடிக்கவில்லை. ஈப்போவில் இருக்கும் அத்தை மகள் ஒரு மந்திரப் பள்ளிக் கதை கொடுத்தாள். மாமா கோலாலம்பூர் மலிவு விற்பனையில் மூன்று புத்தகம் வாங்கி வந்தார், மூன்றிலும் மந்திரவாதிகள். நானும் என் பங்குக்கு இரண்டு கொடுத்தேன். எல்லாம் இருபது பக்கத்தில் நின்றது. "நல்லா இல்லையாம்மா?" என்றால், "நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்பாள். அதற்கு மேல் பேச்சு வராது.

ஒரு சனிக்கிழமை அந்த ஹாரி பாட்டர் முதல் தொகுதியையே மறுபடி எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்தாள். மேசையில் வைத்தேன். புத்தகம் தானாக ஒரு இடத்தில் விரிந்தது. உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள், அடிக்கடி பார்க்கிற பக்கத்தில் சமையல் புத்தகம் தானாக விரிந்து கொள்ளும். அப்படி. அந்தப் பக்கத்து ஓரத்தில் மஞ்சளாக ஒரு விரல் கறை, சாப்பிட்டுக்கொண்டே படித்திருக்கிறாள். எந்த இடம் தெரியுமா? சண்டை இல்லை, பறக்கிற விளையாட்டு இல்லை. புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறதுக்கு முன்னால் அந்தப் பையன் சாமான் வாங்கப் போகிற இடம். அவனுக்கு ஒன்றும் தெரியாது. கடையில் நிற்கிற மற்றவர்களுக்கு எல்லாம் தெரியும்.

"இதை எத்தனை தடவை படிச்சே?" என்றேன்.

"எண்ணல டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படிப்பேன். மறுநாள் ஸ்கூல் போகணும்ல."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுடைய தமிழ்ப்பள்ளி வகுப்பில் 11 பிள்ளைகள். இப்போது போவது ஆயிரம் பேர் படிக்கிற பள்ளி, அங்கே எல்லாம் மலாயில். நாங்கள் எல்லாரும் அவளுக்கு மந்திரம் பிடிக்கும் என்று நினைத்து மந்திரமாகவே அள்ளிக் கொடுத்தோம். அவள் தேடியது, தெரியாத இடத்துக்குத் தனியாகப் போய் நிற்கிற ஒரு ஆளை.

அதனால் இதை இரண்டு தடவை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். படித்து முடித்த பிள்ளையிடம் "கதை என்ன?" என்று கேட்காதீர்கள். "என்ன படிப்பினை?" என்றும் கேட்காதீர்கள். "எந்த இடத்தைத் திரும்பப் படிச்சே?" என்று கேளுங்கள். எந்த இடத்தைத் திரும்பப் படித்தாய். அடுத்த புத்தகம் அந்தப் பதிலில் இருக்கிறது.

அவளுக்கு நான் எடுத்துக் கொடுத்தது உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'. 1968-இல் வந்தது, ஒல்லியான புத்தகம். தீவுக் கூட்டம், கடல், படகு. ஒரு மலைத்தீவில் கொல்லன் மகன், தாய் இல்லாப் பிள்ளை, ஆடு மேய்க்கிறவன். மந்திரம் கற்கப் பெரிய பள்ளிக்குப் போகிறான். அங்கே பட்டிக்காட்டான் என்று குத்திக் காட்டுகிறவன் ஒருவன் இருக்கிறான். ரோஷத்தில் இவன் செய்யக் கூடாததைச் செய்துவிடுகிறான். அந்தப் பையனின் நிறம் செம்பழுப்பு. அந்த உலகத்தில் பெரும்பாலானவர்கள் கறுப்பும் மாநிறமும்தான், எழுத்தாளர் வேண்டுமென்றே அப்படிப் படைத்தார். முதல் அத்தியாயம் மெதுவாகப் போகும். அதனால் அதை மட்டும் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தோம்.

அடுத்த வாரம் ஓடி வந்தாள். "டீச்சர், அவனுக்கு உண்மையான பேர் வேற. அதை யார்கிட்டயும் லேசுல சொல்ல மாட்டான்." அந்தக் கதையில் அப்படித்தான், ஒருவரின் உண்மைப் பெயர் தெரிந்தால் அவர் மேல் அதிகாரம் வந்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னாள்: "என் பேரை ஸ்கூல்ல தப்பாத்தான் கூப்பிடுறாங்க. திருத்தித் திருத்திப் பார்த்தேன். இனிமே திருத்த மாட்டேன். சரியான பேர் வீட்டுக்கு மட்டும் இருக்கட்டும்."

இதனால்தான் அவள் பேரை நான் வானொலியில் சொல்லவில்லை.

இன்னொரு பையன், 13 வயது. ஒரு இடத்தில் உட்கார மாட்டான், எழுத்து குழம்புகிறது என்பான். அவனிடம் எந்த இடம் என்று கேட்டால், சிரிக்க வைக்கிற இடம்தான். அவனுக்கு ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் கொடுத்தேன். முதல் தொகுதி 2005. வாசிப்பதில் சிரமம் இருந்த தன் மகனுக்குப் படுக்கையில் சொன்ன கதையிலிருந்து அவர் எழுதியது. கதாநாயகனுக்கும் அதே சிரமம். இரண்டாம் அத்தியாயத்தில் இந்தப் பையன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது.

அடுத்தது, தொகுதி வரிசை. இதில் நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். மலிவு விற்பனையில் மூன்றாம் தொகுதி 8 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளைக்கு ஒன்றும் புரியாது, தன் மேல்தான் குறை என்று நினைத்துவிடும். முதலில் ஒன்று, பிறகு இரண்டு. சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா மாதிரி வரிசையிலேயே தகராறு உள்ள தொடரும் உண்டு. 1950-இல் வந்த 'த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்'தான் முதல் புத்தகம். அந்த உலகம் எப்படிப் பிறந்தது என்று சொல்கிற புத்தகம் ஆறாவதாக 1955-இல் வந்தது. இப்போதைய பதிப்புகளில் அதற்கு ஒன்று என்று எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்க்காதீர்கள், 1950 புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள். அப்பாவோடு பழகிய பிறகுதான் அப்பாவின் சின்ன வயதுக் கதை இனிக்கும்.

முன் பக்கத்தில் வரைபடம் இருக்கும். அதை வானொலியில் காட்ட முடியாது, விட்டுவிடுகிறேன். பின்னட்டையை நம்பி வாங்காதீர்கள், நின்ற இடத்திலேயே பத்துப் பக்கம் படிக்க விடுங்கள். பிடிக்கவில்லை என்று பாதியில் வைத்தால் திட்டாதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே புத்தகத்தை அதே பிள்ளை...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். நம் ஊர்க் கதைகளைப் பற்றி நிறையக் குறித்து வந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் 2020-இல் எழுதிய 'த கேர்ள் அண்ட் த கோஸ்ட்'. பாட்டியிடமிருந்து ஒரு சிறுமிக்குப் பெலசிட், மலாய்க்காரர்கள் சொல்கிற ஏவல் பேய், வந்து சேருகிற கதை. மலாய்க்காரப் பக்கத்து வீட்டில் பெலசிட் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அகராதியே வேண்டாம். பாரதம் தெரிந்த பிள்ளை என்றால் ரோஷனி சொக்‌ஷியின் ஆரு ஷா, 2018, பாண்டவர்கள் இந்தக் காலத்துப் பெண் பிள்ளைகளாக வருகிறார்கள். இரண்டுமே கொஞ்சம் சின்ன வயதுக்கு, 10 வயதிலிருந்தே கொடுக்கலாம். தமிழில் வந்தவற்றைச் சொல்ல நேரமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் அலமாரியில் பெர்சி ஜாக்சன் இரண்டாம் தொகுதி காணாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. முதல் தொகுதியை முடித்த 5 பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், மூன்றாவதைத் தொட நான் விடவில்லை. யார் வீட்டிலாவது சும்மா இருந்தால், சனிக்கிழமை காலை 9 மணிக்கு மண்டபம் திறந்திருக்கும். வணக்கம்.