கூடம் கோணல்தான்!

(எங்கள் ஊரில் நடந்த மாநில அளவிலான ஆடவர் வாலிபால் போட்டியின் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, சென்னையில் கூட்டம் இருந்தும் இரவோடு இரவாகப் புறப்பட்டு வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, மைதானத்தை நமக்கு விட்டுக்கொடுத்த மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, சுழற்கோப்பை வழங்கியிருக்கும் அரிசி ஆலை அண்ணாச்சி அவர்களே, அண்ணாச்சியின் தம்பி அவர்களே! (கோப்பையை அண்ணன் கொடுத்தார், அதை நிறுத்தி வைக்கும் பீடத்தைத் தம்பி கொடுத்தார். ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரைச் சொன்னால் அடுத்த ஆண்டு பீடம் வராது.) காவல் ஆய்வாளர் அவர்களே, நடுவர் பெருமக்களே, பல மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் வீரர்களே, மதில் மேல் உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குப் போர்த்திய சால்வைக்கு நன்றி. இந்த வெயிலில் அதை உடனே எடுத்துவிட்டதற்குச் சட்டமன்ற உறுப்பினர் மன்னிக்க வேண்டும்.

இந்திய ஆடவர் வாலிபால் அணியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு செய்திகள் சொல்லப் போகிறேன். அணி ஏறிய கதை, இறங்கிய கதை, சம்மேளனத்துக்குள் நடந்த சண்டை, நம் பயிற்சி முறையில் வர வேண்டிய மாற்றம். நான்கையும் சொல்லி முடிக்க விடுவார்களா என்பது செயலாளரின் கையில் இருக்கும் மணியைப் பொறுத்தது.

அதற்கு முன் ஒரு பழமொழி. நம் ஊருக்கு ஓர் உள்விளையாட்டரங்கம் வேண்டும் என்று நான் மனு எடுத்துக்கொண்டு அலைவது உங்களுக்குத் தெரியும். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நாற்காலியில் இருப்பவர் சிரித்துக்கொண்டே சொல்வது ஒன்றுதான்: “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.” நல்ல பழமொழி. ஆனால் ஒரு சந்தேகம். அந்தக் கூடத்தை யாராவது போய்ப் பார்த்தார்களா? உண்மையிலேயே கோணலாக இருந்திருந்தால்?

இனி வரலாறு. 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்பவர் உருவாக்கிய ஆட்டம் இது. நடுத்தர வயதுக்காரர்களுக்குக் கூடைப்பந்து மூச்சு வாங்குகிறது என்று, சற்று இளைப்பாறி ஆடுவதற்காகக் கண்டுபிடித்தார். இன்று இந்தத் தளத்தில் தாவப் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் அவரே நம்பமாட்டார். ஆட்டம் பிறந்ததே கூரைக்குக் கீழே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் வந்தது. 1920இல் சென்னையில் ஹாரி பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் படித்து வெளியேறிய ஆசிரியர்கள் ஊர் ஊராகப் பந்தையும் வலையையும் கொண்டுபோனார்கள். 1936இல் லாகூரில் மாகாணங்களுக்கிடையிலான போட்டி நடந்தது. 1951இல் இந்திய வாலிபால் சம்மேளனம் அமைந்தது. அடுத்த ஆண்டே நம் அணி மாஸ்கோவில் உலக சாம்பியன்ஷிப் ஆடி எட்டாம் இடம் பிடித்தது. சுதந்திரம் பெற்று ஐந்தே ஆண்டுகள் ஆன நாடு அது.

1958இல் டோக்கியோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதல் முறையாக வாலிபாலைச் சேர்த்தார்கள். அப்போது ஆசியாவில் பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடும் முறையும் இருந்தது, ஆறு பேர் ஆடும் முறையும் இருந்தது. இரண்டுக்கும் தனித்தனிப் பதக்கம். ஆறு பேர் ஆட்டத்தில் நமக்கு வெண்கலம். அர்ஜுனா விருது தொடங்கப்பட்ட 1961ஆம் ஆண்டிலேயே வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிச்சாமி. இந்தப் பெயரை நம் பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்? அடுத்த ஆண்டு, நிருப்ஜித் சிங் பேடிக்கு அந்த விருது கிடைத்த 1962இல், ஜகார்த்தாவில் நமக்கு வெள்ளி. தங்கம் ஜப்பானுக்கு, வெண்கலம் பாகிஸ்தானுக்கு. அதே ஜகார்த்தாவில் கால்பந்தில் தங்கம் வென்றோம். அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வாலிபால் வெள்ளியைச் சொன்னால், “அப்படியா?” என்கிறார்கள்.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1964இல் ஒலிம்பிக்கில் வாலிபால் நுழைந்தது. ஜகார்த்தாவில் நமக்கு ஒரு படி மேலே நின்ற ஜப்பானுக்கு அதில் வெண்கலம், 1968இல் வெள்ளி, 1972இல் மியூனிக்கில் தங்கம். ஒரு படி கீழே நின்ற நாம் இன்றுவரை ஒலிம்பிக் வாலிபாலில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. அந்த ஒரு படி எப்படி இத்தனை உயரம் ஆனது?

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். செயலாளர் மணியைத் தொடாமல் இருக்க வேண்டும்.

நான் ஆடிய காலத்தில் எங்கள் மாவட்ட அணியில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். சர்வீஸில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்கள் தளத்தின் ஓரத்தில் ஒரு வேப்பமரம். சர்வீஸ் போடுமுன் அந்த மரத்தை ஒரு முறை அண்ணாந்து பார்ப்பார். இலை எந்தப் பக்கம் அசைகிறதோ அதைக் கணக்கு வைத்து, பந்தைக் கோட்டுக்கு வெளியே குறிபார்த்து அடிப்பார். எதிரணிக்காரன் வெளியே போகிறது என்று கையை எடுத்துவிடுவான். காற்று பந்தை உள்ளே கொண்டுவந்து மூலையில் வைக்கும். சுற்று வட்டாரத்தில் எல்லா ஊர் மரங்களையும் அவருக்குத் தெரியும். இந்த ஊரில் புளியமரம், அந்த ஊரில் அரசமரம், இன்னோர் ஊரில் மரம் இல்லை, ஆனால் கோயில் கொடி இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்வார். ஆட்டத்துக்கு முதல் நாளே போய்க் கொடி கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.

அப்படிப்பட்ட அணி மாநிலப் போட்டிக்குச் சென்னைக்குப் போனது. உள்ளரங்கம். பலகைத் தரை, பளபளவென்று. எங்களில் பாதிப் பேர் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு நுழைந்தோம், கோயில் என்று நினைத்து. முதல் சர்வீஸ் எங்களுக்கு. அண்ணன் பந்தை வாங்கினார், அண்ணாந்து பார்த்தார். மேலே இரும்புச் சட்டமும் விளக்கும்தான். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நடுவர் விசில் ஊதிவிட்டார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, “தம்பி, காற்று எந்தப் பக்கம்?” என்றார். “அண்ணே, இங்கே காற்றே கிடையாது” என்றேன். “காற்று இல்லாமல் எப்படியடா ஆடுகிறார்கள்?” என்று கேட்டுக்கொண்டே வழக்கம்போலக் கோட்டுக்கு வெளியே அடித்தார். பந்து வெளியேதான் போனது. அடுத்ததும் போனது. பார்வையாளர் மாடத்தில் இருந்த ஒருவர் இரக்கப்பட்டுக் கைக்குட்டையை ஆட்டிக் காட்டினார். அண்ணன் அதை நம்பி இன்னொன்று அடித்தார்!

இத்துடன் போயிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்போம். எதிரணிப் பையன்கள் நாங்கள் அடித்த பந்துக்கெல்லாம் நெஞ்சால் தரையில் சறுக்கி, ஒற்றைக் கையால் எடுத்தார்கள். நாங்கள் நல்ல நல்ல ஸ்மாஷாகத்தான் அடித்தோம். பந்து கீழே விழவே இல்லை. எங்கள் பக்கம் ஒருவன்கூடத் தரையில் விழுந்து பந்து எடுத்ததில்லை. எடுக்க முடியுமா? எங்கள் தளத்தில் கூழாங்கல். ஒரு முறை பாய்ந்தால் முட்டித் தோல் அங்கேயே தங்கிவிடும். மூன்று செட்டும் போயின. இரவு ரயிலுக்காகப் பகல் முழுதும் எழும்பூரில் உட்கார்ந்திருந்தோம். எங்களை அழைத்துப்போன மேலாளர் பயணப்படிக் கணக்கு எழுதிக்கொண்டே சொன்னார்: “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.” அன்றைக்குக் கூடம் கோணல் இல்லை ஐயா, எங்கள் ஊர்த் தளம்தான் கோணல். அது மேலாளருக்கும் தெரியும்.

ஜப்பான்காரர்கள் என்ன செய்தார்கள்? தங்களைவிட உயரமான ஐரோப்பியர்களை எதிர்க்கத் தரையில் உருண்டு பந்தெடுப்பதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். அதன் மேல் வேகமான செட்டிங்கையும் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பதுதான் செட்டிங்) குழப்பும் தாக்குதலையும் கட்டினார்கள். உருள்வதற்கு வழுவழுப்பான தரை வேண்டும், வேக செட்டிங்குக்குக் காற்று குறுக்கிடாத கூரை வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தாவவும் தெரியும், அடிக்கவும் தெரியும். மண் தளம் அந்த இரண்டையும்தான் சொல்லிக் கொடுக்கும். தேசிய முகாமுக்குப் போன பிறகுதான் விழக் கற்றுக்கொள்கிறார்கள். இருபது வயதுக்கு மேல் விழக் கற்றுக்கொள்வது எளிதா?

1962 ஜகார்த்தாவுக்குப் பிறகு 24 ஆண்டுகள் ஆசிய விளையாட்டில் பதக்கம் இல்லை. 1986 சியோலில் கிடைத்தது. ஜிம்மி ஜார்ஜ், சிரில் வள்ளூர், உதயகுமார், அப்துல் பாசித், பி.வி. ரமணா எனப் பெயர்களைச் சொன்னாலே மூத்தவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். ஜப்பானையே வீழ்த்தி வெண்கலம். ரமணா யார் தெரியுமா, மதில் மேல் இருப்பவர்களே? பாட்மிண்டன் சிந்துவின் அப்பா. மகளுக்கு முன்னால் அப்பா நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவந்தவர்.

ஜிம்மியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேரளத்துக் கண்ணூர் மாவட்டம், பேராவூர். எட்டு அண்ணன் தம்பிகளும் வாலிபால்காரர்கள். 1976இல் அர்ஜுனா விருது. அபுதாபியில் ஆடினார், பிறகு இத்தாலிக்குப் போய்த் தொழில்முறை லீக்கில் ஆடினார். 1987 நவம்பர் 30 அன்று அங்கே கார் விபத்தில் இறந்தார். வயது 32. அவர் பெயரில் திருவனந்தபுரத்தில் உள்ளரங்கம் இருக்கிறது, அது இயல்பு. இத்தாலியில் மோண்டிக்கியாரி என்றொரு சிறிய நகரம். அங்கே இருக்கும் விளையாட்டரங்கத்துக்குப் பெயர் பாலாஜார்ஜ். நம் ஜிம்மியின் பெயர்! வெளிநாட்டுக்காரன் ஒருவனுக்காக அரங்கத்துக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு முதலில் பெயர் வைப்பதற்கு அரங்கம் வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் இதைக் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன், மகிழ்ச்சி.

சியோலுக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் பதக்கம் இல்லை. ஆனால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். 2003இல் 19 வயதுக்குட்பட்டோர் உலக சாம்பியன்ஷிப்பில் இறுதிவரை போய், பிரேசிலிடம் தோற்று வெள்ளி வாங்கினார்கள். 2005 ஆசிய சாம்பியன்ஷிப்பில் சீனியர் அணிக்கு நான்காம் இடம். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ஐந்தாம் இடம். பதக்க மேடைக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்புகிறோம்.

2023 ஹாங்சோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1966 முதல் 2018 வரை ஒவ்வோர் ஆசிய விளையாட்டிலும் பதக்கம் வாங்கிய தென்கொரியா எதிரே நிற்கிறது. முதல் செட் 25-27, போனது. பிறகு 29-27, 25-22 நமக்கு. நான்காவது 20-25 அவர்களுக்கு. ஐந்தாவது 17-15, நமக்கு! வீட்டுக்குப் போய்க் கூட்டிப் பாருங்கள்: இரண்டு அணிகளும் எடுத்த மொத்தப் புள்ளிகள் சமம், ஆளுக்கு 116. நம் தமிழ்நாட்டு முத்துசாமி அந்த அணியின் செட்டர்களில் ஒருவர். அடுத்து சீன தைபேயையும் நேர் செட்களில் சாய்த்தார்கள். காலிறுதியில் ஜப்பானிடம் 0-3. மீண்டும் ஜப்பான், மீண்டும் தரையிலிருந்து பந்தெடுப்பவர்கள். கடைசியில் பாகிஸ்தானிடமும் தோற்று ஆறாம் இடம்.

சம்மேளனச் சண்டையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். உட்பூசல் முற்றி 2016இல் சர்வதேச சம்மேளனமே நம் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. அதற்கு மேல் விவரிக்கப் போவதில்லை; இரண்டு தரப்பு நண்பர்களும் கூட்டத்தில் இருக்கிறார்கள், இருவரும் நன்கொடை கொடுத்தவர்கள். பயிற்சி முறையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஈரான் 2011இல் ஹூலியோ வெலாஸ்கோவைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்து, அந்த ஆண்டே ஆசிய சாம்பியன் ஆனது. 2014, 2018, 2023 என மூன்று ஆசிய விளையாட்டிலும் தங்கம். நல்ல வாத்தியார் இல்லாமல் வெறும் கூடம் எதையும் செய்துவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும், மணி அடித்துவிட்டது.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நகராட்சி இடத்தில் வணிக வளாகம் வரப்போகிறது என்று கேள்வி. அம்மையார் அவர்களே, ஊரில் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கும் கடைகள் ஏராளம். அந்த இடத்தில் உள்விளையாட்டரங்கம் கட்டுங்கள். தளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் குறைந்தது மூன்று மீட்டர் காலியிடம். கூரை குறைந்தது ஏழு மீட்டர் உயரம் வேண்டும். பெரிய சர்வதேசப் போட்டிக்கு 12.5 மீட்டர். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சமுதாயக் கூடத்தைக் காட்டி, “இதோ உள்ளரங்கம், ஆடுங்கள்” என்றார்கள். லிஃப்ட் செய்த முதல் பந்தே மின்விசிறியில் மாட்டிச் சுற்றியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! அந்த மின்விசிறிக்கு அடியில் ஜிம்மி ஜார்ஜே வந்து ஆடியிருந்தாலும் கோணல் என்றுதான் சொல்லியிருப்பார்.

பலகைத் தரைக்குச் செலவாகும், தெரியும். முதலில் கூரையைப் போடுங்கள், செயற்கை விரிப்பு போதும், பலகை பிறகு வரட்டும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஒரு பங்கு கேட்கிறேன். அண்ணாச்சியிடமும் தம்பியிடமும் கூரைக்கு யார், தூணுக்கு யார் என்று பிறகு தனியாகப் பேசிக்கொள்கிறேன். மனு வரவேற்பு மேசையில் இருக்கிறது. வீரர்கள், பெற்றோர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லோரும் போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். முழு முகவரியோடு போடுங்கள், சென்ற முறை முகவரி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை நகர்மன்ற அலுவலகத்தில் அதைக் கொடுக்கப் போகிறேன், கூட வர முடிந்தவர்கள் பத்து மணிக்கு வாசலில் நில்லுங்கள். இப்போது முதல் ஆட்டத்தின் முதல் சர்வீஸை அம்மையார் போட்டுத் தொடங்கிவைப்பார். நன்றி, வணக்கம்.