கல்லீரலில் கொழுப்பு, கல்லீரலில் தழும்பு

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஒருவருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்றால், சம்சு குடித்திருப்பார் என்றுதான் முதலில் பேசிக்கொள்வார்கள். மதுவைத் தொடாதவருக்கும், குறிப்பாக இனிப்புநீரும் உடற்பருமனும் உள்ளவருக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து அந்த உறுப்பையே கெடுக்கக்கூடும் என்பதால், அப்பேச்சு நோயாளிக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

வயிற்று ஸ்கேன் அறிக்கையில் 'கிரேட் 2' என்று கண்டு கலங்குவோரும் உண்டு. 'கிரேட் 1 தானே' என்று இருந்துவிடுவோரும் உண்டு. அந்த எண் கொழுப்பின் அளவைத் தோராயமாகச் சொல்லுமே தவிர, திசு எவ்வளவு சேதமடைந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கு, ஊசி வழியாக எடுத்த, இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய திசுத் துண்டை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முறைப்படி, கொழுப்புக்கு 0 முதல் 3 வரையும், அழற்சிக்கு 0 முதல் 3 வரையும், உயிரணுக்கள் ஊதிப் பருத்திருப்பதற்கு 0 முதல் 2 வரையும் மதிப்பெண் இடுகிறோம்; கூட்டினால் அதிகபட்சம் 8. உயிரணுக்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகக் கொழுப்பிருந்தால் சுழியம், 66 விழுக்காட்டைத் தாண்டினால் 3.

சேதமடைந்த திசுவில் நார்போலப் படியும் தழும்பு இந்தக் கூட்டலில் சேராது. அதைத் தனியாக 0 முதல் 4 வரை வகுக்கிறோம். நோயாளியின் எதிர்காலத்தை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுவது இந்தத் தழும்பின் நிலைதான். டிரைகுரோம் சாயமிட்டால் தழும்பு நீலமாகத் தெரியும்: தொடக்கத்தில் உயிரணுக்களைச் சுற்றிக் கோழிக்கூண்டுக் கம்பிவலை போல மெல்லிய இழைகள், மூன்றாம் நிலையில் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குப் பாலமிடும் பட்டைகள், நான்காம் நிலை ஈரல் சுருக்கம். அந்த நிலையில் கொழுப்பு கரைந்தே போயிருக்கலாம் என்பதால், கொழுப்பு குறைவு என்ற ஒன்றை மட்டும் நம்பி நிம்மதி அடைய இயலாது.

எல்லோருக்கும் ஊசி தேவையில்லை. எடுக்கும் துண்டும் கல்லீரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். வயது, இரத்தத்தில் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரு நொதிகளின் அளவு, பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கையும் கொண்டு, தழும்பின் வாய்ப்பைக் காட்டும் 'ஃபிப்-4' என்ற எண்ணை மருத்துவர் கணக்கிடலாம். விடை 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பிருக்கும் வாய்ப்பு குறைவு; 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. அதற்கு மேலே வந்தால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். அடுத்த முறை கிளினிக்கில் இனிப்புநீருக்கு இரத்தம் கொடுக்கும்போது, "டாக்டர், எனக்குத் தழும்பு உண்டா?" என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள்.