முதலில் சாப்பாடு, அப்புறம் மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம். கடலூரில் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களிடம் வீட்டில் எப்படிப் பேசுவது என்று சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள்.

தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியவர், படகு வைத்திருந்தவர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாயில் மிஞ்சியது ஒரே சொல்: "சரி." நான் முதல் தடவை போனபோது டிவி அலறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி காதருகே குனிந்து, "காபி போடட்டுமா, இல்ல கஞ்சி குடிச்சிட்டு மாத்திரை போட்டுக்கிறீங்களா, தம்பி வந்ததும் குளிக்கலாமா?" என்று கத்தினார். பெரியவர் "சரி" என்றார். "பாத்தீங்களா, இவருக்கு ஒண்ணும் புரியல" என்றார் அந்த அம்மா. எனக்கே புரியவில்லை, அது வேறு விஷயம்.

டிவியை நிறுத்தினோம். ஒரு கையில் காபி டம்ளர், இன்னொரு கையில் கஞ்சிக் கிண்ணம். "எது வேணும்?" அவ்வளவுதான் கேட்க வேண்டும், கேட்டபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றேன். அந்த அம்மாவுக்கு இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. பத்து எண்ணும் நேரம் போயிருக்கும். இடது கை மெல்ல எழுந்து கஞ்சியைத் தொட்டது.

காதில் கோளாறு இல்லை, அதனால் கத்திப் பயனில்லை. பெரும்பாலோருக்கு மொழி மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், "டான்" என்ற ஒரே ஓசையை மட்டும் சொல்லிவந்த ஒருவர் இறந்தபின் மூளையைப் பார்த்தார். இடது முன்பகுதி பழுதாகியிருந்தது. சிலருக்குச் சொல் வராது, சிலருக்குப் பிறர் சொல்வது பிடிபடுவதும் குறையும். அதற்காக அறிவு போய்விட்டது என்று அர்த்தமில்லை. குழந்தையிடம் கொஞ்சுவது போல அப்பாவிடம் பேசாதீர்கள்.

நம் தமிழிலேயே ஒரு சிக்கல் உண்டு. வினை கடைசியில் வரும், மறுப்பும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். "மாத்திரையை சாப்பாட்டுக்கு முன்னாடி போடக்கூடாது" என்கிறோம். "கூடாது" வருவதற்குள் அவருக்குக் கவனம் கழன்றுவிட்டால் மிஞ்சுவது மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாடி. நேர் எதிர்! "முதல்ல சாப்பாடு" என்று தட்டைக் காட்டுங்கள். நிறுத்துங்கள். "அப்புறம் மாத்திரை" என்று அட்டையைக் காட்டுங்கள். "ஆமா", "இல்ல" கூடச் சிலருக்கு மாறி வரும். அதனால் வாயை மட்டும் நம்பாமல் தலையையும் கையையும் பாருங்கள்.

புதுச்சேரிப் பக்கம் தமிழும் பிரெஞ்சும் புழங்கிய வீடுகளில், எந்த மொழி முதலில் திரும்பும் என்று கேட்பார்கள். அதிகம் புழங்கிய மொழிதான் என்று 1895இலேயே பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. எந்த மொழியில் ஒரு சொல் வந்தாலும் பிடித்துக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள்.

ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டில் இந்தப் பெரியவரைப் பற்றி "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியிருந்தார்கள். ஐந்து கேள்வியை ஒரே மூச்சில் கேட்டால் யார் ஒத்துழைப்பார்? இன்னும் எனக்கு ஆறவில்லை.

இடையில் ஒன்று. யாருக்காவது திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தொங்கினாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு.

போன வாரம் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் மீன் கூடை இறங்கியிருந்தது. அந்த அம்மா ஒரு கையில் சங்கராவும் இன்னொரு கையில் கிழங்கானுமாக வந்து, "எது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவர் இடது கையால் சங்கராவின் செவுளைப் பிரித்துப் பார்த்தார். கிழங்கானையும் பார்த்தார். இரண்டையும் தள்ளிவிட்டார்.

"சரி" என்று சொல்லவில்லை.