தேவாலயத்துக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் முக்குளித்த மனிதர்! வின்செஸ்டர் போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள்

[காட்சி: கறுப்புத் திரை. நீர்க்குமிழிகளின் ஓசை.]

சேறு கலங்கிய தண்ணீர். ஆறு மீட்டர் ஆழம். கண்ணுக்கு எதுவுமே தெரியாத இருட்டில், ஒருவர் கையால் தடவித் தடவிக் கான்கிரீட் மூட்டைகளை அடுக்குகிறார். அவர் தலைக்கு மேலே ஐரோப்பாவின் மிக நீளமான தேவாலயங்களில் ஒன்று மெல்லப் புதைந்துகொண்டிருக்கிறது!

வணக்கம் நண்பர்களே. இன்று இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரத்துக்குப் போகிறோம்.

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆங்கிலோ-சாக்சன் மன்னர்களின் ஊர். இன்றைய தேவாலயத்தை, பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர்கள் 1079-இல் கட்டத் தொடங்கினார்கள். வரலாறு இவ்வளவு போதும். வாருங்கள், தண்ணீருக்குள் இறங்குவோம்.

[காட்சி: தேவாலயத்தின் கிழக்குப் பக்கம்.]

இட்சன் ஆறு பாயும் பள்ளத்தாக்கு இது. சற்றுத் தோண்டினாலே நீர் ஊறும். 13-ஆம் நூற்றாண்டில் தேவாலயத்தைக் கிழக்கே நீட்டியபோது, சதுப்பு மண்ணின்மீது பீச் மரக்கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் சுவர் எழுப்பிவிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர்கள் பிளந்து சாய்ந்தன, கற்கள் உதிர்ந்தன.

அடித்தளத்தைப் பலப்படுத்தச் சுவருக்குக் கீழே குழி தோண்டினார்கள். உடனே தண்ணீர் பொங்கி வந்து குழியை நிரப்பியது. பம்பு வைத்து இறைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் ஆபத்து! ஏரி நீர் சட்டென வடிந்தால் கரை சரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல், இறைக்கும் நீரோடு மண்ணும் சேர்ந்து வந்துவிடும்; சுவர் இன்னும் வேகமாக இறங்கும்.

பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸ் சொன்ன யோசனை இதுதான்: தண்ணீர் அப்படியே இருக்கட்டும், அதற்குள் ஓர் ஆளை இறக்குவோம்.

அந்த ஆள் வில்லியம் வாக்கர். 1906 முதல் 1911 வரை, நாளுக்கு ஆறு மணி நேரம் நீருக்கடியில் வேலை செய்தார். அவர் குழியின் அடியைக் கான்கிரீட் மூட்டைகளால் அடைத்த பிறகுதான் நீரை இறைக்க முடிந்தது. அதன்பின் கொத்தனார்கள் இறங்கிச் சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள். மொத்தம் 25,000-க்கும் மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகள், ஏறத்தாழ 1,15,000 கான்கிரீட் கட்டைகள், 9,00,000 செங்கற்கள்! முக்குளிக்கும் உடையைக் கழற்றி மாட்டுவது பெரும்பாடு என்பதால், இடைவேளையில் தலைக்கவசத்தை மட்டும் எடுத்துவிட்டுச் சாப்பிடுவாராம். வார இறுதியில், லண்டனை ஒட்டிய குராய்டனிலுள்ள வீட்டுக்கு சைக்கிள் மிதித்தே போவாராம். எனக்கு மலைப்பாக இருக்கிறது!

1912-இல் நன்றி வழிபாடு நடந்தது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் வந்திருந்தார். எந்த நாளில் தெரியுமா? ஜூலை 15, புனித சுவிதன் திருநாள். அன்று மழை பெய்தால் நாற்பது நாள் தொடரும் என்பது ஆங்கிலேயர் நம்பிக்கை. தண்ணீரோடு போராடி வென்றதைக் கொண்டாட இதைவிடப் பொருத்தமான நாள் உண்டா!

ஆனால் ஒரு வேதனை. 1960-களில் வாக்கருக்கு வைத்த சிலையில் முகம் அவருடையதே அல்ல. பொறியாளர் ஃபாக்ஸின் முகம்! 2001-இல்தான் சரியான சிலை வந்தது. உடலை வருத்தி உழைத்தவருக்குச் சொந்த முகம் கிடைக்க இத்தனை காலமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.

[காட்சி: நிலவறை. தேங்கிய நீரில் ஒரு மனித உருவம்.]

பலர் தேவாலயத்துக்குள் இருக்கும் எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் கல்லறையைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து நிலவறைக்கும் போங்கள். மழைக்காலத்தில் இன்றும் அங்கே தண்ணீர் ஏறுகிறது. அதன் நடுவே, கையில் ஏந்திய நீரைக் குனிந்து பார்க்கும் ஆண்டனி கார்ம்லியின் சிற்பம். நான் மழைக்காலத்தையே பரிந்துரைப்பேன். வாக்கர் எதோடு மல்லுக்கட்டினார் என்பது அப்போதுதான் புரியும்.

பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னருடையது என்று சொல்லப்படும் வட்ட மேசை, வின்செஸ்டர் கோட்டையின் கிரேட் ஹால் சுவரில் தொங்குகிறது. உண்மையில் அது 13-ஆம் நூற்றாண்டில் செய்தது.

நேரமிருந்தால் ஆற்றோரப் புல்வெளி வழியே செயின்ட் கிராஸ் அறநிலையத்துக்கு நடந்து போங்கள். வழிப்போக்கருக்கு ஒரு துண்டு ரொட்டியும் சிறு குவளை பீரும் தரும் மரபு அங்கே நூற்றாண்டுகளாகத் தொடர்கிறது. கேட்பவருக்குத்தான் தருவார்கள், கூச்சப்படாமல் வாயில்காவலரிடம் கேளுங்கள்.